இங்கிலாந்து பழைய கவுன்டி ரெக்கார்டு பாக்கும்போது எல்லாரும் சொதப்புற இடங்கள்

தங்களோட முன்னோரத் தேடி இந்த ரெக்கார்டுகள (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) புரட்டுறவங்க மொதல்ல பேர்லயே சறுக்குவாங்க. 'கவுன்டி கோர்ட்'னு தேடினா பெரும்பாலும் 1846 சட்டத்துல வந்த சின்னக் கடன் வழக்கு கோர்ட்டுதான் வரும், ஆனா நாம தேடுறது அதுக்கும் ரொம்ப முன்னாடியே வருஷத்துக்கு நாலு தடவ மாஜிஸ்திரேட்டுங்க கூடி நடத்தின குவார்ட்டர் செஷன்ஸ். திருட்டு கேஸும் அங்கதான், பாலம் ரிப்பேரும் அங்கதான், ஒரு ஏழைக் குடும்பத்த எந்த ஊரு தலையில கட்டுறதுங்கிற சண்டையும் அங்கதான். 1889ல கவுன்டி கவுன்சில் வர்ற வரைக்கும் நிர்வாகமும் அவங்க கையிலதான், அதனால எங்க ஆளு கேஸுல எல்லாம் மாட்டலயேன்னு கோர்ட் ரெக்கார்ட ஒதுக்கிடாதீங்க. கொலை மாதிரி பெரிய கேஸுன்னா அசைஸ் கோர்ட்டு (ஊர் ஊரா சுத்தி வர்ற ஜட்ஜுங்க நடத்தினது), அந்தக் கட்டெல்லாம் கவுன்டி ஆர்க்கைவ்ஸ்ல (ஆவணக் காப்பகம்) இருக்காது, லண்டன் கியூவுல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்லதான் பாக்கணும்.

அடுத்தது தேதி. 1752க்கு முன்னாடி அங்க வருஷம் பொறக்கிறது மார்ச் 25. மே 1720ல கல்யாணம், பிப்ரவரி 1720ல கொழந்தைன்னு பாத்துட்டு ஆஹா கல்யாணத்துக்கு முன்னாடியேவான்னு கதை கட்டிடுவாங்க, பாவம், அந்த பிப்ரவரி நம்ம கணக்குல 1721, சரியா ஒம்போது மாசம். ராஜா ஆட்சி வருஷம் போட்டிருந்தா இன்னும் கஷ்டம் (நம்ம சோழர் கல்வெட்டுல 'யாண்டு' போடுவாங்களே அதே கதைதான்). ரெண்டாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1727 ஜூன் 11, அவரோட அஞ்சாவது வருஷம்னா 1727ஓட அஞ்ச கூட்டக்கூடாது, 1731 ஜூன் 11ல இருந்து 1732 ஜூன் 10 வரைக்கும்.

எனக்குப் புடிச்ச தப்பு குற்றப்பத்திரிகைய அப்படியே நம்புறது. அதுல ஆள் பேருக்குப் பக்கத்துல 'லேபரர்'னு இருக்கும், ஒரு ஊரு பேரும் இருக்கும், உடனே நம்ம ஆளு கூலிக்காரர், இந்த ஊருக்காரர்னு வம்சாவளியில ஏத்திடுவாங்க. பல சமயம் அது கிளார்க் வழக்கமா எழுதுற ஃபார்முலா, ஊருங்கிறது குத்தம் நடந்த எடம், அவ்ளோதான். திருடின சாமானுக்கு 10 பென்ஸ், 11 பென்ஸ்னு வெல போட்டிருந்தா அதயும் நம்பாதீங்க, 12 பென்ஸ தாண்டினா பெருந்திருட்டு, தூக்கு வரைக்கும் போகலாம், அதனால மனசு எறங்கி கொறச்சு எழுதினது நெறைய உண்டு. குற்றப்பத்திரிகையோட பின்பக்கம் 'பில்லா வேரா'ன்னு லத்தீன்ல கிறுக்கியிருந்தா குத்தவாளின்னு அர்த்தம் இல்ல, கேஸு விசாரிக்கலாம்னு கிராண்ட் ஜூரி (விசாரணைக்கு முன்னாடி கேஸுல சரக்கு இருக்கான்னு பாக்குற குழு) சொன்னது மட்டும்தான். 1733 வரைக்கும் முறைப்படியான பத்திரமெல்லாம் லத்தீன்தான், நடுவுல 1650கள்ல மட்டும் கொஞ்ச காலம் இங்கிலீஷ்.

நெஜ தொழிலும் ஊரும் வேணும்னா அதே செஷன்ஸ் கட்டுக்குள்ள ஜாமீன் பத்திரம் இருக்கான்னு பாருங்க, ஆள் ஓடிட்டா புடிக்கணும்ல, அதுல மட்டும் கொஞ்சம் ஒழுங்காவே எழுதியிருப்பாங்க.