முதல் உலகப் போரின் கறுப்பின அமெரிக்க வீரர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரை எழுதிப் பழகும் இளைஞர்கள் சிலர் மாதம் ஒருமுறை தங்கள் கட்டுரைகளை எனக்கு அனுப்புவார்கள். இந்த முறை மூன்று பேர் ஒரே விஷயத்தை எடுத்திருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் போன கறுப்பின அமெரிக்க வீரர்கள் திரும்பி வந்து தங்கள் நாட்டின் இசையையும் கலையையும் மாற்றிய கதை. நம் பக்கம் அந்தப் போர் என்றாலே எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதோடு பேச்சு முடிந்துவிடும். அதைத் தாண்டி யோசித்ததற்கே மூவரையும் பாராட்ட வேண்டும். ஆனால் படிக்கப் படிக்க, நான் பல வருடங்களுக்கு முன் எழுதியதையே மறுபடி படிப்பதுபோல இருந்தது. அதே இடங்களில் அதே சறுக்கல்.

தேதி மாறுவது, பெயரில் எழுத்து விடுபடுவது எல்லாம் மெய்ப்பு பார்க்கும்போது சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கட்டுரையின் திசையையே கெடுத்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பட்டப்பெயரின் கதை

நியூயார்க்கின் 369-ஆவது கறுப்பினப் படையணிக்கு "ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்" என்ற பட்டப்பெயரை ஜெர்மானியர்கள்தான் வைத்தார்கள் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதற்கான ஆதாரம் பலவீனமானது.

369-ஆவது படையணியோடு நின்றுவிடுவது

இந்தத் தவறை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் அதைச் செய்தவன் நான் என்பதால் கோபம் இரண்டு மடங்கு.

நியூயார்க்கின் 369-ஆவது காலாட்படையணியின் கதை எழுதுகிறவரை மயக்கிவிடும். 191 நாள் போர்முனையில் இருந்தார்கள். அந்தப் போரில் வேறு எந்த அமெரிக்கப் படையணியும் அத்தனை நாள் இருந்ததில்லை. பிரான்ஸ் அந்தப் படையணி முழுவதற்கும் க்ருவா தெ கேர் என்ற போர் வீர விருதைக் கொடுத்தது. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ வழியாக, கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதி வரை அணிவகுத்துப் போனார்கள். இதையெல்லாம் வைத்து அறுபது பக்கத்துக்கு ஒரு சிறு நூல் எழுதினேன். அச்சாகியும் வந்துவிட்டது.

வெளியீட்டுக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். சென்னைத் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு இறக்கியவர். "தம்பி, அவ்வளவு பீரங்கி, அவ்வளவு குண்டு பிரான்ஸுக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. கப்பல்ல இருந்து இறக்குனது யாரு?" என்று கேட்டார்.

பதில் என் நூலிலேயே ஒற்றை வரியாக இருந்தது: "மற்ற கறுப்பினத்தவர் கூலிப்படைகளில் பணியாற்றினர்."

அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். முதலாவது, சொல். தமிழில் கூலிப்படை என்றால் காசுக்குக் கொலை செய்கிறவர்கள், அல்லது காசுக்காக அடுத்த நாட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள். இவர்களோ கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தின்படி அழைக்கப்பட்டு, சீருடை போட்டு, ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்ற வீரர்கள். பணிப்படை என்று எழுதினால் போதும். "கூலிகள்" என்று எழுதுவதும் வேண்டாம்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது, அளவு. அந்தப் போரில் சுமார் 3,80,000 கறுப்பின அமெரிக்கர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். கடல் கடந்து ஐரோப்பா போனவர்கள் சுமார் 2,00,000 பேர். அதில் போர்முனைப் பிரிவுகளில் இருந்தவர்கள் சுமார் 42,000. அதாவது போனவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பிரான்ஸின் சான்-நசேர், பிரெஸ்த், போர்தோ துறைமுகங்களில் கப்பல் சரக்கை இறக்கினார்கள். சாலை போட்டார்கள், தண்டவாளம் போட்டார்கள், மரம் வெட்டினார்கள். அவர்களுக்கு நான் கொடுத்தது ஒரு வரி.

போர் முடிந்த பிறகும் அவர்கள் வேலை முடியவில்லை. 1919 வசந்தத்தில் ரோமாஞ் என்ற ஊருக்கு அருகே பெரிய கல்லறை அமைக்கும் பணி கறுப்பினப் படைப்பிரிவுகளின் தலையில் விழுந்தது. போர்க்களமெங்கும் அவசரமாகப் புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து, கொண்டுவந்து, மறுபடி அடக்கம் செய்ய வேண்டும். இன்று அங்கே 14,246 கல்லறைகள் இருக்கின்றன. ஐரோப்பாவிலேயே பெரிய அமெரிக்கக் கல்லறை அது. வரிசை பிசகாத அந்த வெள்ளைச் சிலுவைகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்வெட்டிகள் நினைவுக்கு வரும்.

"சரி, இதற்கும் பண்பாட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று மூவரில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அட்டி ஹன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் சார்பில் சான்-நசேரில் வேலை பார்த்தார். போர் முடியும்வரை பிரான்ஸில் இருந்த அத்தனை கறுப்பின வீரர்களுக்கும் அப்படிப் போன கறுப்பினப் பெண்கள் மூன்றே பேர். பகலெல்லாம் மூட்டை தூக்கிய ஆட்களுக்கு அவர் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார். ஞாயிறு மாலைகளில் இசை, கலை, மதம் பற்றிப் பேசவைத்தார். ரோமாஞுக்கும் போனார். பிறகு, உடன் பணியாற்றிய கேத்ரின் ஜான்சனோடு சேர்ந்து 1920-இல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவைத்தார்.

அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களில் விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதவர்கள். திரும்பி வந்த பிறகு பலருக்குப் பழைய வயலில் கால் பாவவில்லை. அந்த வருடங்களில் தெற்கிலிருந்து சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று சுமார் ஐந்து லட்சம் கறுப்பினத்தவர் குடிபெயர்ந்தார்கள். திரும்பி வந்த வீரர்களும் அந்தக் கூட்டத்தில் கலந்தார்கள். ஹார்லெமின் அரங்குகளில் டிக்கெட் வாங்கியது, கறுப்பினப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியது, ப்ளூஸ் இசைத்தட்டு வாங்கியது இவர்களும் இவர்களைப் போன்ற குடும்பங்களும்தான். 1920-களில் ஹார்லெமில் கறுப்பினக் கலை, இலக்கியம் செழித்த காலமான ஹார்லெம் மறுமலர்ச்சியைக் கவிஞர்களை மட்டும் வைத்து எழுதினால் அரங்கு காலியாகவே இருக்கும்.

அந்த நூலின் மீதிப் பிரதிகளை நான் விற்கவில்லை. திருத்தி எழுத எட்டு மாதம் ஆனது. பெரியவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

பிரான்ஸைச் சொர்க்கமாகக் காட்டுவது

பிரெஞ்சுப் படைத்தலைமையின் கீழ் 369 உள்ளிட்ட நான்கு கறுப்பினப் படையணிகள் போரிட்டன. அங்கே மரியாதை கிடைத்தது என்பது உண்மை. அதனால் பிரான்ஸில் நிறவெறியே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். 1918 ஆகஸ்டில் லினார் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பினார். அமெரிக்க வெள்ளையர்கள் மனம் புண்படும், ஆகவே கறுப்பின அதிகாரிகளோடு சேர்ந்து சாப்பிடாதீர்கள், அதிகம் புகழாதீர்கள் என்பது அதன் சாரம். கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் தன் 'க்ரைசிஸ்' இதழில் 1919 மே மாதம் அதை அச்சிட்டார். அந்தக் குறிப்பைப் படிக்காமல் இந்தப் பகுதியை எழுதாதீர்கள். பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளை எப்படி ஆண்டது என்பதையும் மறக்காதீர்கள்.

ஜாஸ் போரில் பிறந்தது என்பது

பிறக்கவில்லை. 369-இன் இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப், போருக்கு முன்பே, 1912-இல், கார்னெகி அரங்கில் கறுப்பின இசைக்கலைஞர்களை மேடையேற்றியவர். 1918 புத்தாண்டு அன்று பிரெஸ்த் துறைமுகத்தில் இறங்கியதும் அவர் குழு பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசித்தது. அது தங்கள் கீதம்தான் என்று கூட்டத்துக்குப் புரியவே சில நொடிகள் ஆயினவாம். பிரெஞ்சு இசைக்கலைஞர்கள் அதே தாளை வைத்து வாசித்துப் பார்த்தும் அந்த ஒலி வரவில்லை. கருவிகளில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று வாங்கிச் சோதித்தார்கள். வித்தியாசம் ஊதும் முறையிலும் நாக்கை அதிரவிடும் விதத்திலும் எந்த ஸ்வரத்தை அழுத்துகிறார்கள் என்பதிலும் இருந்தது. கட்டுரையில் இடம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

இன்னொன்று. அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்க யூரோப் 1917-இல் போர்ட்டோ ரிக்கோவுக்கே போனார். அப்படி வந்தவர்களில் ஒருவர் ரஃபேல் எர்னாண்டஸ். பிற்காலத்தில் அந்தத் தீவின் மிகப் பெரிய பாடலாசிரியர் ஆனவர். நியூயார்க்கின் ஸ்பானிய இசைக்கும் இந்தப் படையணிக்கும் இடையே இருக்கும் இந்த உறவைப் பற்றி மூன்று கட்டுரைகளிலும் ஒரு சொல் இல்லை.

1918 நவம்பர் 11-இல் முடித்துவிடுவது

போர் நின்ற நாள் அது. கதை நிற்கவில்லை. அடுத்த கோடையில் சிகாகோ, வாஷிங்டன் உட்படப் பல நகரங்களில் கறுப்பினத்தவர் மீது தாக்குதல். சிகாகோவில் மட்டும் 38 பேர் இறந்தார்கள். சீருடையில் ஊர் திரும்பியவர்களும் தப்பவில்லை. யூரோப் போரில் விஷவாயுவுக்கு ஆளாகிப் பிழைத்து வந்தவர். 1919 மே 9 அன்று பாஸ்டனில் தன் குழுவின் முரசுக் கலைஞர் ஒருவரால் குத்தப்பட்டு இறந்தார். அவருடைய படைத்தோழர் நோபிள் சிசில் 1921-இல் யூபி பிளேக்குடன் சேர்ந்து பிராட்வேக்குக் கொண்டுவந்த இசைநாடகம் பெரும் வெற்றி பெற்றது. பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது.

பண்பாடு என்றால் இசை மட்டும் என்று நினைப்பது

ஹோரஸ் பிப்பின் 369-இல் இருந்தவர். வலது தோளில் குண்டு பாய்ந்து, கை சரியாகத் தூக்க முடியாமல் போனது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து ஓவியம் வரையத் தானே கற்றுக்கொண்டார். போர் முடிந்த கணத்தைப் பற்றிய தன் ஓவியத்தை ஏறத்தாழ மூன்று வருடம், வண்ணத்தின் மேல் வண்ணமாகப் பூசி முடித்தார். ஓவியத்தின் மரச் சட்டகத்தில் ஹெல்மெட்டும் கையெறி குண்டும் மரத்தில் செதுக்கி ஒட்டினார்.

சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அதிகாரியாகப் போனவர். சொந்த நாட்டு வெள்ளை அதிகாரிகள் காட்டிய வெறுப்பைப் பார்த்து, உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது என்று அங்கேயே முடிவெடுத்தார். அவரிடம் சட்டம் படித்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷல்தான் 1954-இல் பள்ளிகளில் நிறப்பிரிவினையை உச்ச நீதிமன்றத்தில் வீழ்த்தினார்.

ஹென்றி ஜான்சனின் பதக்கம்

ஜான்சன் 369-இன் வீரர். 1918 மே மாதம் ஒரு ஜெர்மன் தாக்குதல் குழுவைக் கத்தியோடு எதிர்த்து நின்றவர். அமெரிக்காவின் உயரிய கௌரவப் பதக்கம் 2015-இல் கொடுக்கப்பட்டது. அதை எழுதும் அதே வரியில் 1929 என்பதையும் எழுதுங்கள். அவர் இறந்த ஆண்டு அது.