கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஆஃப்லைன்'

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பிரிண்டர், நானும் தங்கச்சியும் வைஃபையில் பாவிக்கிறோம். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலே 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை 3 தரம் அழித்துத் திரும்பப் போட்டேன், வீண் வேலை. பிறகு பிரிண்டரிலேயே நெட்வேர்க் விவரத் தாளை அடித்துப் பார்த்தால் ஐபி, அதாவது நெட்வேர்க்கில் அதன் முகவரி, 192.168.1.14; விண்டோஸ் பிரிண்டரைத் தேடிப் போகும் போர்ட்டில் கிடந்ததோ 192.168.1.9. ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்கிறது, கொம்பியூட்டர் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. சரி என்று ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள இலக்கம்) 192.168.1.50 ஐ ஒதுக்கி, பிரிண்டரை ஒருக்கா அணைத்துப் போட்டு, இரண்டு கொம்பியூட்டரிலும் பிரிண்டர் புரொப்பர்ட்டீஸுக்குள் போர்ட்ஸில் அதே இலக்கத்துக்கு டிசிபி/ஐபி போர்ட் ஒன்று சேர்த்தேன். தங்கச்சியின் பக்கம் மட்டும் அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரை நிறுத்தி, சிக்கி நின்றதை அழிக்க வேண்டியிருந்தது. கோபத்தில் ஒரே பாடக்குறிப்பை 11 தரம் அனுப்பியிருந்தாள். நேற்றும் கரண்ட் போனது, வந்ததும் பிரிண்டர் பேசாமல் அடித்தது.