1381 உழவர் கிளர்ச்சி: தேர்வில் விடை எழுதும் முறை

சென்னையில் முதுகலை வரலாறு படிப்பவர்களின் மாதிரி விடைத்தாள்களைத் திருத்தும்போது, கிளர்ச்சியால் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை ஒழிந்தது என்ற வரியை அடிக்கடி காண்கிறேன். கிளர்ச்சி தோற்றது, பண்ணையடிமை முறை அதற்குப் பின் மெல்லத் தேய்ந்தது. இவ்விரண்டையும் பிரித்து எழுதினாலே விடை பாதி தேறிவிடும்.

கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரிலிருந்து தொடங்க வேண்டாம். பண்ணையடிமை யார் என்பதை முதலில் காட்டுங்கள்: பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்கவும், மகளின் திருமணத்துக்குக் கட்டணம் செலுத்தவும் கடமைப்பட்டவன், அவன் இறந்தால் கொட்டிலில் உள்ள சிறந்த மாடு பிரபுவுக்குப் போகும். தஞ்சைப் பண்ணையாளோடு ஒப்பிட நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் தஞ்சையில் சாதியும் கடனும் பின்னிக் கிடந்ததால், அந்த ஒப்பீட்டுக்குத் தனி விடையே தேவைப்படும்.

அடுத்து 1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோய். ஆள் குறைந்ததால் கூலி ஏற, 1351இல் தொழிலாளர் சட்டம் அதைப் பழைய அளவிலேயே நிறுத்த முயன்றது. இந்தப் புழுக்கத்தின் மேல்தான் 1377 முதல் மூன்று தலைவரிகள் விழுந்தன; மூன்றாவது, தலைக்கு 12 பென்ஸ். நிகழ்ச்சிகளை ஒரே பத்தியில் முடித்துவிடலாம்: 1381 ஜூன் 14 அன்று லண்டனை அடுத்த மைல் எண்டில் 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட் பண்ணையடிமைகளை விடுவிக்கும் பட்டயங்களுக்கு இசைந்தார், மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் டைலர் கொல்லப்பட்டார், ஜூலையில் பட்டயங்கள் செல்லாதவையாயின.

நேரம் மிச்சமிருந்தால், கிளர்ச்சியாளர்கள் பல ஊர்களில் எரித்த பண்ணை நீதிமன்றச் சுருள்களை, அதாவது பிரபுவின் நீதிமன்றப் பதிவேடுகளைப் பற்றி எழுதுங்கள். தோல் ஏடுகளைத் தைத்துச் சுருட்டிய அவற்றில்தான் யார் எத்தனை நாள் உழைக்க வேண்டும், யார் எவ்வளவு தண்டம் கட்ட வேண்டும் என்ற கணக்கு இருந்தது. அடிமைத்தனத்துக்கான எழுத்துச் சான்றே அதுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு காட்சி பத்துக் காரணங்களைப் பட்டியலிடுவதைவிட வலுவாகப் பேசும் என்பது என் கருத்து.

இறுதிப் பகுதியில், ஆள் பற்றாக்குறை நீடித்ததால் உழைப்புக் கடமைகள் பணவாடகையாக மாறியதையும், பண்ணையடிமைகளின் நிலம் நீதிமன்றப் பதிவின் நகலைக் கொண்டு அனுபவிக்கும் குத்தகையாக மாறியதையும் விளக்குங்கள். கொள்ளைநோய் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். கிழக்கு ஐரோப்பாவில் பிற்காலத்தில் இதே முறை இறுகியது, ரஷ்யாவில் 1861 வரை நீடித்தது. கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை எதிரே வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். டைலரின் சாவுக்கு வரும்போதே பாதி நேரம் கடந்திருந்தால், வெட்ட வேண்டியது முன்பகுதியைத்தான்.