பலகையின் கடைசியில் விழுந்த பள்ளம்

வீட்டு மரப் பட்டறைக்கு முதலில் திக்னஸர் (பலகையை ஒரே கனமாகச் சீவும் மெஷின்) மட்டும்தான் வாங்கினேன். வளைந்த பலகையை உள்ளே விட்டால் நேராக வந்துவிடும் என்று நினைப்பு. உருளைகள் அதை அமுக்கிப் பிடிக்க, பிளேடு சீவியது. வெளியே வந்ததும் பழையபடி வளைந்துகொண்டது. கனம் மட்டும் சீராகக் குறைந்திருந்தது! ஒரு முகத்தைப் பிளேனரில் (பலகையை மேசைமேல் தள்ளி அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவும் மெஷின்) மட்டமாக்கிய பிறகே திக்னஸருக்கு வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு மெஷினுக்கு இடமில்லை. அதனால் இரண்டும் சேர்ந்த, 250 மி.மீ. அகலப் பலகை வரை சீவும் மெஷின் வாங்கினேன். மோட்டார் சக்தியை விட மேசையின் நீளத்தைத்தான் பார்த்தேன். ஃபென்ஸின் (பலகையைச் சாய்த்துத் தள்ளும் பக்கத் தடுப்பு) நுனியையும் கையால் தள்ளிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம்.

வந்ததிலும் ஒரு தொல்லை. பிளேனரில் சீவிய ஒவ்வொரு பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பிளேடு மழுங்கல் என்று மாற்றியது வீண். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அவுட்ஃபீட் மேசையிலிருந்து (சீவிய பலகை வந்து சேரும் பக்கத்து மேசை) இரும்பு ஸ்கேலை பிளேடுக்கு மேல் நீட்டி வைத்து, கட்டர் பிளாக்கை (பிளேடுகள் பொருத்திய சுழலும் உருளை) கையால் மெல்லச் சுற்றினேன். பிளேடு ஸ்கேலைத் தூக்கி, பத்து மி.மீ.க்கு மேல் இழுத்துப் போனது. மேசை தாழ்ந்திருக்கிறது! உயர்த்தினேன், அதிகமாகிவிட்டது, பலகையின் முனை மேசை விளிம்பில் முட்டி நின்றது. மறுபடி இறக்கி, பிளேடு உரசியும் உரசாமலும் போகிற இடத்தில் இறுக்கினேன். பள்ளம் போச்சு.

பிளேனரிலிருந்து திக்னஸருக்கு மாற ஒவ்வொரு தடவையும் மேசையைத் தூக்கி, மரத்தூளை உறிஞ்சும் கூண்டைத் திருப்புவது சலிப்புதான். இப்போதெல்லாம் எல்லாப் பலகையையும் பிளேனரில் முடித்துவிட்டு ஒரே தடவை மாற்றுகிறேன்.