நைட்டின் மேலங்கி: கதையிலும் படத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய இடைக்கால நைட்டுகளை, அதாவது கவசமணிந்த குதிரை வீரர்களை, வைத்துக் கதை எழுதுபவர்களும் படம் வரைபவர்களும் அதிகம் சறுக்குவது கவசத்துக்கு மேல் போடும் துணியில்தான். பத்து வீரர்கள் வந்தால் பத்துப் பேர் மார்பிலும் ஒரே சிங்கம்! அது சீருடை இல்லை. சின்னம் பொறித்த மேலங்கி ஒரு தனி ஆளுக்குரியது. அப்பா உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன்கூட அப்படியே போட முடியாது. கூடுதலாக ஓர் அடையாளம் சேர்க்க வேண்டும். இங்கிலாந்து மன்னரின் மூத்த மகனான கறுப்பு இளவரசர் எட்வர்டின் சின்னத்தில் மேலே வெள்ளிநிறப் பட்டை இருப்பது அதனால்தான்.

தலைவனின் ஆட்கள் அணிந்தது வேறு, எளிய முத்திரை. அதிலும் குழப்பம் வந்திருக்கிறது. 1471இல் பார்னெட் போரில், மூடுபனிக்குள் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் நட்சத்திர முத்திரையை எதிரி மன்னரின் சூரியன் என்று நினைத்து, சொந்த அணியினரே தாக்கியதாக அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

மேலங்கி வெறும் பகட்டு என்று எழுதுவது அடுத்த தவறு. ஆள் யாரென்று தெரிந்தால் கொல்லாமல் பிடித்து மீட்புப்பணம் கேட்கலாம். 1314இல் ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போரில் குளோஸ்டர் பிரபு தன் மேலங்கி இல்லாமல் பாய்ந்ததால்தான் அடையாளம் தெரியாமல் கொல்லப்பட்டார் என்பார்கள்.

அப்புறம், காலம். 1066 ஹேஸ்டிங்ஸ் போர் வீரருக்குக் குலச்சின்ன மேலங்கி மாட்டாதீர்கள். அந்தப் போரைத் துணியில் சித்தரிக்கும் பேயோ திரைச்சீலையில் நார்மண்டிப் பிரபு வில்லியம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டித்தான் தான் உயிரோடு இருப்பதைச் சொல்கிறார். தலைமுறைக்குத் தலைமுறை வரும் சின்னங்கள் 12ஆம் நூற்றாண்டில்தான் வேர்விட்டன. பிரான்சின் அன்ஜூ பகுதியை ஆண்ட ஜெஃப்ரி வைத்திருந்த, நீலத்தில் பொன் சிங்கங்கள் கொண்ட கேடயத்தை, இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயத்தில் உள்ள அவர் பேரன் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறைச் சிலையிலும் பார்க்கலாம். 15ஆம் நூற்றாண்டில் பலர் துணியே இல்லாமல் பளபளக்கும் தகட்டுக் கவசத்தோடு நின்றார்கள்.

மேலங்கியை எப்போதும் காற்றில் பறக்கும் மெல்லிய துணியாகவும் காட்ட வேண்டாம். கறுப்பு இளவரசருடையது கான்டர்பரி தேவாலயத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது: சிவப்பும் நீலமுமாக நான்கு கட்டமாகப் பிரித்த வெல்வெட், பொன்னிழையில் சிங்கங்களும் லில்லிப் பூக்களும், உள்ளே திணிப்பு வைத்து நெடுக்குவாட்டில் தைத்த தையல்.

நிறத்துக்கும் விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்ற உலோகக் கணக்கு, மற்றவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ வண்ணத்தின் மேல் வண்ணமோ வைப்பதில்லை, தூரத்திலிருந்து தெரியாது. கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு வரைய ஆசைதான், ஆனால் இங்கிலாந்து நைட்டுக்கு அது சரிப்படாது. ஜெருசலேம் அரசின் வெள்ளிமேல் பொன் சிலுவை பெயர்பெற்ற விதிவிலக்கு.