பழைய சிடி, டிவிடிகளில் இருப்பதை மீட்டு, இனி எதில் சேமிப்பது? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, 2004-ல் நான் ரைட் செய்த ஒரு சிடி கிடைத்தது. தாத்தா பேசிய நாற்பது நிமிட ஒலிப்பதிவு அதில்தான் இருந்தது. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளிப் பூச்சில் ஊசியால் குத்தியதுபோல ஏழெட்டு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. அன்று அழகுக்காக மேலே ஒட்டிய வட்ட ஸ்டிக்கரின் ஓரம் காய்ந்து எழும்பி, பூச்சையும் கொஞ்சம் பெயர்த்து எடுத்திருந்தது. அந்த சிடி கடைசிவரை படிக்கவில்லை. அதே ஒலிப்பதிவை வேறொரு சிடியிலும் போட்டு வைத்திருந்ததால் தாத்தாவின் குரல் பிழைத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், தள்ளிப்போடாதீர்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் ரைட் செய்யும் வட்டுகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. டிவிடிக்கு அடுத்து வந்த, அதைவிட அதிகம் கொள்ளும் வட்டு ப்ளூ-ரே. பானசோனிக் 2023 பிப்ரவரியில் வெற்று ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. வெர்பேட்டிம் போன்ற சில பெயர்களில் இன்னும் கிடைக்கின்றன, சில வருடங்களுக்குக் கிடைக்கவும் செய்யும். எனக்குக் கவலை வட்டைப் பற்றியல்ல, டிரைவைப் பற்றித்தான். புதிய லேப்டாப்களில் அது அநேகமாக இல்லவே இல்லை. வட்டு நன்றாக இருந்து, படிக்கக் கருவி இல்லாவிட்டால் என்ன செய்வது? கருவி சுலபமாகக் கிடைக்கும்போதே வேலையை முடித்துவிடுவோம்.

படி 1: எதை முதலில் எடுப்பது?

எல்லா வட்டுகளையும் பரப்பி வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியவை, வெயில் படும் இடத்தில் இருந்தவை, ‘ஆர்டபிள்யூ’ என்று போட்ட அழித்தெழுதும் வட்டுகள், கேம்கோடரில் பதிவான 8 செ.மீ. குட்டி டிவிடிகள் ஆகியவற்றை முன்வரிசையில் வையுங்கள். கடையில் வாங்கிய படம், பாட்டு சிடிகள் கடைசிக்குப் போகலாம். அவை அச்சில் அழுத்தித் தயாரித்தவை. நாம் ஒருமுறை மட்டும் ரைட் செய்யும் சாதாரண சிடி, டிவிடிகளில் இருப்பது கரிமச் சாயம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் தரவை எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் சாயத்தை மங்கச் செய்யும்.

படி 2: டிரைவ்

யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று போதும். ப்ளூ-ரே வட்டில் எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே ப்ளூ-ரே ரைட்டராக வாங்குங்கள். சிடி, டிவிடியையும் அதுவே படிக்கும். டிரைவை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். மின்சாரம் போதாமல் பாதியில் துண்டிக்கப்படுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

படி 3: பார்த்து, துடைத்து

பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள். சிடியில் ஆபத்து மேல்பக்கத்தில்தான். 1.2 மி.மீ. தடிமனுள்ள வட்டில் சாயமும் வெள்ளிப் பூச்சும் பெயர் எழுதும் பக்கத்துக்கு ஒட்டினாற்போல, மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழே இருக்கின்றன. அங்கே பேனா முனை கீறினால் தரவே போய்விடும். டிவிடியில் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டி, தரவை நடுவில் வைத்திருக்கிறார்கள். அதனால் மேல்கீறலை ஓரளவு தாங்கும்.

அடிப்பக்கத்தில் தூசியோ விரல் ரேகையோ இருந்தால், மென்மையான துணியை லேசாக நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தரவு சுருள் பாதையில் ஓடுகிறது. பாதையைக் குறுக்கே வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கும், அந்த இடைவெளியை டிரைவின் பிழைதிருத்தம் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் அடுத்தடுத்த தரவை மொத்தமாக விழுங்கிவிடும்.

படி 4: காப்பி எடுப்பது

வட்டைப் போட்டு, கணினியில் ஒரு புதிய ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் அதில் காப்பி செய்யுங்கள். ஃபோல்டருக்கு ‘2006_டிவிடி_03’ என்பதுபோலப் பெயர் கொடுத்து, அதே எண்ணை வட்டின் உறையிலும் எழுதுங்கள். பெரும்பாலான வட்டுகளுக்கு இவ்வளவுதான் வேலை. சிக்கல் வரும் இடங்கள் நான்கு.

டிவிடி பிளேயரில் ஓடும் வீடியோ வட்டு: உள்ளே 1 ஜிபி அளவில் துண்டுதுண்டாகக் கோப்புகள் இருக்கும். ஒன்றிரண்டை மட்டும் எடுக்காமல் வட்டு முழுவதையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி இதற்குப் போதும். ஐஎஸ்ஓ என்பது வட்டின் அச்சு அசல் பிரதி. விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும்.

பல தடவையாக எழுதிய சிடி: ஜனவரியில் கொஞ்சம், மார்ச்சில் கொஞ்சம் என்று எழுதியிருந்தால், சில நேரம் கடைசியாக எழுதியது மட்டும் தெரியும். முந்தையவை அழிந்துவிட்டதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். ஐசோபஸ்டர் மாதிரியான மென்பொருளில் ஒவ்வொரு செஷனும், அதாவது ஒவ்வொரு தடவை எழுதியதும், தனித்தனியாகத் தெரியும்.

கேம்கோடர் டிவிடி: அன்று கேமராவில் ‘ஃபைனலைஸ்’ (பதிவை முடித்து, மற்ற கருவிகளும் படிக்கும்படி வட்டை மூடுவது) செய்யாமல் விட்டிருந்தால், கணினி அதை வெற்று வட்டு என்று காட்டி, ஃபார்மேட் செய்யட்டுமா என்றுகூடக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உடனே வெளியே எடுங்கள். அந்தக் கேமரா இன்னும் வேலை செய்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள். கேமரா இல்லையென்றால் இங்கேயும் ஐசோபஸ்டர் உதவக்கூடும்.

படிக்கத் திணறும் வட்டு: சத்தத்திலேயே தெரிந்துவிடும். டிரைவ் வேகமெடுக்கும், சட்டென்று மந்தமாகும், மறுபடி வேகமெடுக்கும். நிறுத்திவிட்டு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட வட்டை இன்னொன்று சரளமாகப் படிப்பது சாதாரணமாக நடப்பதுதான். அதிலும் முடியாவிட்டால் லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அது நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்து, மோசமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், பாதியில் நிறுத்தி வேறு டிரைவிலும் தொடரலாம்.

படி 5: எடுத்தது சரியா?

ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். வட்டின் விளிம்புப் பகுதிதான் பெரும்பாலும் முதலில் கெடும். எழுத்து உள்ளிருந்து வெளியே போவதால், வட்டு நிறைய எழுதியிருந்தால் கடைசிக் கோப்புகள் அங்கேதான் இருக்கும்.

படி 6: இனி எதில் வைப்பது?

கணக்கைப் பாருங்கள். சிடியில் 700 எம்பி, டிவிடியில் 4.7 ஜிபி, சாதாரண ப்ளூ-ரேயில் 25 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்கில் இருப்பதை டிவிடிகளில் போட 213 வேண்டும், ப்ளூ-ரேயில் 40. 4 மடங்கு வேகத்தில் ஒரு ப்ளூ-ரே எழுத 23 நிமிடம் என்றால், 40-க்கும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். இன்றைய ஃபோன் வீடியோக்களின் அளவுக்கு இது கட்டுப்படியாகாது. வீட்டில் எல்லாவற்றையும் வட்டில் போட்டுவைக்கும் பழக்கம் திரும்பாது என்பதே என் முடிவு. 2024-ல் ஷாங்காய் ஆய்வாளர்கள் ஒரே வட்டில் பெட்டாபிட் அளவுக்கு (நூறு டிபிக்கும் மேல்) தரவை அடக்கும் முறையை வெளியிட்டார்கள். சந்தோஷமான செய்தி. ஆனால் அது ஆய்வகத்தில் இருக்கிறது, நம் மேசைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

அதனால் அன்றாடப் புழக்கத்துக்கு வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், முடிந்தால் வேறு வேறு கம்பெனி. இரண்டிலும் ஒரே தரவு. ஒன்று வீட்டில், மற்றது உறவினர் வீட்டிலோ அலுவலக மேசையிலோ. ஹார்ட் டிஸ்க் சுழலும் இயந்திரம், கீழே விழுந்தால் அவ்வளவுதான். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி விழுந்தால் தாங்கும், ஆனால் தரவை மின்னூட்டமாக வைத்திருப்பதால் வருடக்கணக்கில் செருகாமல் பெட்டியில் போட்டு வைக்க ஏற்றதல்ல. எழுதும் ஆயுள் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் சிப் துறைக்குத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. பென் டிரைவ் எடுத்துச் செல்லத்தான், சேமித்து வைக்க அல்ல. கிளவுட் நல்ல மூன்றாவது பிரதி. பாஸ்வேர்டு உங்களோடு சேர்த்து வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

படி 7: வட்டுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது

ஒருமுறை எழுதும் வட்டில் எழுதியதை எந்த வைரஸும் மாற்ற முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டும். அலமாரியில் இருக்கும் வட்டை அதனால் தொட முடியாது. மின்னழுத்தம் எகிறினாலும் வட்டுக்கு ஒன்றுமில்லை. இந்தக் குணத்துக்காகவே, இழக்கவே முடியாத பத்து இருபது ஜிபியை மட்டும் நான் வட்டில் எழுதி வைக்கிறேன்: குரல் பதிவுகள், திருமணப் படங்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள்.

வாங்கும்போது உறையில் ‘எல்டிஹெச்’ என்று போட்ட ப்ளூ-ரேயைத் தவிருங்கள். அதில் பழையபடி கரிமச் சாயம். மற்ற சாதாரண ப்ளூ-ரே வட்டுகளில் கனிமப் பூச்சு இருப்பதால் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். நீண்ட காலச் சேமிப்புக்கென்றே வந்த எம்-டிஸ்க் என்ற வட்டு ஆயிரம் வருடம் தாங்கும் என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். ஆயிரம் வருடம் கழித்து டிரைவ் எங்கே இருக்கும்? ஆனாலும் நல்ல வட்டு, கிடைத்தால் வாங்குங்கள்.

விண்டோஸில் எழுதும்போது ‘யூஎஸ்பி டிரைவ் போல’, ‘சிடி, டிவிடி பிளேயருக்காக’ என்று இரண்டு வழிகளைக் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இம்க்பர்னில் எழுதினால் எழுதியதைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டவே வேண்டாம். வட்டுக்கென்று விற்கும் மார்க்கரால் நடுவளையத்தில் எண்ணை எழுதி, கெட்டியான டப்பாவில் நிறுத்தி, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

படி 8: தேதி குறிப்பது

ஃபோன் காலண்டரில் வருடத்துக்கு ஒருமுறை வரும் நினைவூட்டல் ஒன்று போடுங்கள். அன்று ஹார்ட் டிஸ்குகள் இரண்டையும் செருகி, வருடம் முழுக்கச் சேர்ந்ததைக் காப்பி செய்து, வட்டுகளில் ஏதாவது ஒன்றை எடுத்துப் படிக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருடம் ஆன ஹார்ட் டிஸ்குக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். நான் தேர்ந்தெடுத்த தேதி தாத்தாவின் பிறந்தநாள். அந்த நாற்பது நிமிடத்தையும் அன்று ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுவேன்.