இன்வெர்ட்டர் பேட்டரியைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டு இன்வெர்ட்டரோடு இணைந்த ஈய அமில பேட்டரி 12 வோல்ட் மட்டுமே தருவதால், பலர் அதை அச்சமின்றித் தொடுகிறார்கள். ஆனால் சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அதன் உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, இரும்பையே பழுக்கச் செய்துவிடும்.

ஹைட்ரஜனுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறி வெடிப்பை உண்டாக்கும். ஆகவே, மாடிப்படிக்கு அடியில் கதவு போட்டு அடைத்த அலமாரிக்குள்ளோ, விளக்கேற்றும் பூஜை அறையை ஒட்டியோ பேட்டரியை வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்த வாயு காற்றைவிட மிக இலேசானது என்பதால், அறையின் மேற்பகுதியிலும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பதற்குத் தீக்குச்சியோ மெழுகுவத்தியோ வேண்டவே வேண்டாம். மின்வெட்டு நேரமானாலும் டார்ச் விளக்கையே பயன்படுத்துங்கள்.

பேட்டரியில் கைவைக்கும் முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலியும் தாலியும் குனியும்போது முனைகளின் மேல் விழக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்த பின், நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். மீண்டும் பொருத்தும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். தெருவில் மின்சாரம் இல்லாதபோதும் இன்வெர்ட்டர் 230 வோல்ட் தரும் என்பதால், அதன் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள்.

டிஸ்டில்ட் வாட்டரை மட்டுமே ஊற்றுங்கள். ஆர்.ஓ. நீரிலும் உப்புகள் மிஞ்சியிருக்கும்; அமிலத்தைச் சேர்ப்பதோ பேட்டரியைக் கெடுத்துவிடும். முழுமையாக சார்ஜ் ஆன பிறகு குறித்த அளவு வரை நிரப்புவதே முறை. உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே ஊற்றலாம். முனைகளில் படியும் வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கலாம், ஆனால் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் அமிலத்தின் வலு குறையும். உலர்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள்.

அமிலம் உடலில் பட்டால், நனைந்த துணியை உடனே அகற்றி, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். சமையல் சோடா தரையில் சிந்திய அமிலத்துக்குரியது, தோலுக்கும் கண்ணுக்கும் உரியதன்று. கண்ணில் தெறித்தால், இமைகளை விரித்துப் பிடித்துக் கழுவிய பின், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பேட்டரி கைபொறுக்காத சூடாகி, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது என்று பொருள். சன்னல்களைத் திறந்து, அருகிலுள்ள சுவிட்சுகளைத் தொடாமல், தொலைவிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்து, பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள டியூபுலர் (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட) பேட்டரி 50 கிலோவுக்கும் மேல் எடையுள்ளதாக இருக்கும். இருவர் சேர்ந்து, சாய்க்காமல் தூக்க வேண்டும். ஆயுள் முடிந்ததை உடைத்து ஈயம் எடுப்பவரிடம் விற்காதீர்கள், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்து, அதற்குரிய விலையைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம்.